கரம்பொன்னில் ஒரு வெறும் கதிரை

கரம்பொன்னில் டொக்டர் நோயாளரைப் பார்க்கும் ஒரு சின்ன அரச மருந்தகத்தின் வாசலில் எங்கள் வான் நிற்கிறது. பரிமாற்றத் திட்டத்தில் வந்த பன்னாட்டு இளம் மருத்துவர்கள் நாங்கள். தமிழ் தெரிந்தவள் நான் மட்டும். டொக்டர்மார் வருகிறார்கள் என்று யாரோ சொல்லி, ஊரே நோயும் மருந்தும் எழுதிவைக்கும் கிளினிக் கொப்பிகளோடு காத்திருக்கிறது. உள்ளே டொக்டரின் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.

கால்புண்ணில் துணி சுற்றிய ஓர் அக்கா தன் கொப்பியை என்னிடம் நீட்டுகிறார்.

"எங்களுக்கு இங்கே மருந்து எழுத அனுமதி இல்லை, அக்கா. படிக்கத்தான் வந்திருக்கிறோம்."

"ஓம் தங்கச்சி. எங்கட டொக்டரும் படிச்சுப்போட்டு வாறனெண்டுதான் வெளிநாட்டுக்குப் போனவர்."

அவர் கொப்பியை மடக்குவதற்குள் எங்கள் ஒருங்கிணைப்பாளர் கமராவோடு வருகிறார். நான் அந்தக் கொப்பியை வாங்கிப் படிப்பதுபோல் நிற்கவேண்டுமாம்.

நிற்கிறேன்.