மரகதம் சிஸ்டர் ஏற்றிய பாட்டில்

“மரகதம் சிஸ்டர் போய்ட்டாங்களாம்ங்க” என்று எங்கள் தாலுகா அலுவலகப் பியூன் வந்து சொன்னபோது, “யார் சொன்னது? நீ பார்த்தியா?” என்றுதான் கேட்டேன். வருகிற மனுக்களில் பொய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடித்தேடியே பழகிப்போன குமாஸ்தா நான். சாவுச் செய்தியைக்கூட விசாரிக்காமல் ஏற்க மனம் வராது. “பார்த்துட்டுத்தாங்க வர்றேன். மாலை போட்டுகினு இருக்காங்க” என்றான். அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

திருத்தணியில் அவர் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. உங்களுக்கும் அந்தக் கறார் குரல் நினைவிருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரைப் பார்த்தால், “வலிச்சா வலிக்குதுன்னு சொல்லு. இங்க வந்து வீரம் எதுக்கு?” என்பார்.

எட்டு வருடங்களுக்கு முன், ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் காலை, அவர் வேலை பார்த்த சின்ன நர்சிங் ஹோமில் என் மனைவி கமலாவுக்குத் தலைப்பிரசவம். பெண் குழந்தை. ஆனால் ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேலூரில்தான் கிடைக்கும், அதுவரை தாங்க ஒரு மருந்து ஏற்றலாம் என்று சொல்லிவிட்டு டாக்டர் வண்டி பிடிக்க ஓடினார். காவடிக் கூட்டம் இன்னும் கலையாத ஊரில் வண்டி கிடைப்பதே பெரும்பாடு.

சிஸ்டர் முதலில் கமலாவின் கையிலிருந்து ஒரு சின்னக் குழாயில் ரத்தம் எடுத்தார். எனக்குச் சுருக்கென்றது.

“ரத்தம் போவுதுன்னு வந்தா, நீங்க வேற எடுக்கிறீங்களே?”

“இந்த மருந்து உள்ள போயிட்டா, அப்புறம் ரத்தம் பொருந்துதான்னு பார்க்கறதுல குழப்பம் வரும்ங்க. இதைக் கையோட வேலூருக்குக் கொண்டு போங்க.”

பாட்டிலைப் பார்த்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. “ரத்தத்துக்குப் பதிலா இதுவா?” என்றேன்.

“பதில் இல்லீங்க. உள்ள ஓடற ரத்தம் அளவு கொறஞ்சி போச்சு. ரத்தம் கெடைக்கிற வரைக்கும் இது தாங்கும், அவ்ளோதான்.” பிறகு கமலாவிடம் குனிந்தார். “அரிப்பு, நடுக்கம், மூச்சு முட்டல், எது வந்தாலும் ஒடனே சொல்லும்மா. மொதல்ல மெதுவாத்தான் விடுவேன். ஒடம்பு ஏத்துக்குதான்னு பார்க்கணும்.”

சொட்டுச் சொட்டாக இறங்கியது. பக்கத்து அறையில் ஒரு ரைஸ்மில்காரர் வீட்டு நோயாளி. பாதி பாட்டிலை மிச்சம் பிடித்து அங்கே கொண்டுபோகத்தான் இவ்வளவு மெதுவாக விடுகிறாரோ என்று எனக்குள் ஒரு பூச்சி குடைந்தது. அங்கிருந்து யாரோ கூப்பிட, “இதோ வந்துட்டேன், எதையும் தொடாதீங்க” என்று சிஸ்டர் எழுந்து போனார். என் சந்தேகம் ஊர்ஜிதமானது போலிருந்தது. பாட்டிலிலிருந்து இறங்கும் குழாயின் சின்னச் சக்கரத்தைத் திருகிவிட்டேன். சொட்டு ஒழுக்காயிற்று.

கமலா கழுத்தைச் சொறிந்தாள். உடம்பு தூக்கிப்போட்டது. “மூச்சு...” என்றாள். ஓடிவந்த சிஸ்டர் குழாயை மூடி, ஊசி போட்டு, வேறு பாட்டில் மாற்றினார். நாடியைப் பிடித்த கையை அவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

“இதைத் தொட்டது யாரு?”

“யாரும் தொடலீங்க.”

என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு புதுப் பாட்டிலின் சொட்டை எண்ணத் தொடங்கினார்.

வண்டி கிடைத்து வேலூர் போனதும், அந்தச் சின்னக் குழாயிலிருந்த ரத்தத்தை வைத்துத்தான் பொருத்தம் பார்த்தார்கள். கமலா பிழைத்தாள். ஆனால் சிஸ்டர்தான் அவசரப்பட்டு வேகமாக விட்டுவிட்டார் என்று நினைத்தாள். “அந்தம்மா என்னைச் சாகடிக்கப் பார்த்தாங்க” என்று தெரு முழுக்கச் சொன்னாள். எங்கள் தெருப் பெண்கள் பிரசவத்துக்கு அரக்கோணம் போகத் தொடங்கினார்கள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்டவன்.

கடைத்தெருவில் சிஸ்டரைக் கண்டால் கமலா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒருநாள் அவர் தனியாக வந்தபோது, நான் எதையோ சொல்லத் தொடங்கினேன்.

“தெரியும்ங்க. அன்னிக்கு நீங்க பாட்டிலைப் பார்க்கல, என்னையே பார்த்துகினு இருந்தீங்க. எங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது? அவங்ககிட்ட சொல்லுங்க.”

சொல்லவில்லை. அவரும் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று பூமாலையோடு சாவு வீட்டுக்குக் கிளம்பியபோது, “அவங்க சாவுக்கு நான் எதுக்கு வரணும்?” என்றாள் கமலா. தனியாகவே போய்வந்தேன்.

மரகதம் சிஸ்டரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, இன்னும் நான் செய்து முடிக்காத அந்த ஒரு வேலைதான். இந்த அஞ்சலியை அவளும் படிப்பாள்.

கமலா, அன்று அதைத் திருகியது நான்.