பலிக்காத மாத்திரை

சிறுநீரகம் கெட்டவர்களின் இதயத்தை ஒரு மாத்திரை காப்பாற்றுமா என்று ஆராய்ந்த டாக்டர் அவர். ஒல்லியான உருவம். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்ட பிறகே பதில் சொல்வார். சிறுநீரக நோயாளியான என் மனைவியும் அந்த ஆய்வில் சேர்ந்து மாத்திரை சாப்பிட்டாள்.

ஆய்வு முடிந்ததும் கோவையிலிருந்து பல்லடத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“மாத்திரை பலிக்கலீங்க அம்மணி. நேர்ல சொல்லோணும்னு வந்தேனுங்க.”

மனைவியின் முகம் வாடிவிட்டது. “அப்ப இத்தனை நாள் முழுங்குனது வீணாப் போச்சுங்களா?”

“இல்லீங்க. இனி யாரும் இதை நம்பி ஏமாற வேண்டியதில்லை. அது உங்களாலதான் தெரிஞ்சுதுங்க.”

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இதைச் சொன்னபோது அவர் குரல் தாழவே இல்லை.

“அடுத்த மாத்திரை வந்தா என்னையும் கூப்புடுங்க” என்றாள்.

தோல்வியைச் சொல்ல வந்தவர்மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடியது எப்படி என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.