நான் சொல்லாத பாலம்

அந்தப் பாலத்தைப் பற்றி நான் அக்காவிடம் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை, மறந்தும் இல்லை. தெரிந்தே விட்டுவிட்டேன்.

மாலத்தீவின் தலைநகரம் மாலே. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சிறிய தீவு, ஒரு மணி நேரத்தில் தீவையே சுற்றி நடந்துவிடலாம் என்று படித்தேன். விமான நிலையம் அந்தத் தீவில் இல்லை, பக்கத்துத் தீவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கடல். கடலுக்கு மேல் ஒரு பாலம். விமானத்திலிருந்து இறங்கியவர் டாக்சியில் ஏறினால் சில நிமிடங்களில் ஊருக்குள் போய்விடலாம். இது ரகசியம் அல்ல. எந்த வரைபடத்தைத் திறந்தாலும் தெரியும்.

அக்காவிடம் வரைபடம் இல்லை. அவளிடம் நான்தான் இருந்தேன்.

என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். வயது ஐம்பத்து நான்கு. திருமணம் செய்துகொள்ளவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளைச் சரிபார்க்கிறேன். எந்தக் கோப்பில் எது விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதே என் வேலை. முப்பத்தொரு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை தொடங்கிய நேரம், எரிவாயு சிலிண்டர் மாற்றிய தேதி, மின்சாரம் போன நேரம், வந்த நேரம் எல்லாம் அதில் உண்டு. எங்கள் தெருவில் எதற்காவது தேதி வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள்.

அக்கா பெயர் செண்பகம். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அத்தான் இறந்தபின், ஒன்பது வயது வித்யாவைக் கையில் பிடித்துக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வலியசாலையில் உள்ள என் வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் அடுப்பு காலை ஐந்தரைக்கு எரியும். ஏழு பத்துக்கு என் தட்டில் பலகாரம் இருக்கும். வித்யா படித்தாள், கணக்கு ஆசிரியை ஆனாள், மாலேயில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்துப் போனாள். பிரகாஷைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வேலை பார்க்கும் விடுதி இன்னொரு தீவில் இருக்கிறது. மாதத்தில் ஒரு வாரம்தான் வீட்டுக்கு வருவான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வித்யா முதல்முறை உண்டானாள். பேற்றுக்கு இங்கே வருவதாக இருந்தது. ஐந்தாம் மாதம் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாகச் சொல்லி, பயணமே கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். வித்யா எனக்கு அழைத்தாள்.

"மாமா, நான் வர முடியாது. அம்மையை மூணு மாசத்துக்கு இங்க அனுப்பி வைங்க. அம்மை தனியா எங்கயும் போனதில்லல்லா, நீங்க பிளான் பண்ணிக் கொடுத்தா தைரியமா வருவா."

நான் சரி என்றேன். அப்படியே மனதாரச் சொன்னேன்... அந்த நேரத்தில்.

அன்று மாலை நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு நாட்கள். அதற்கு முன்பு அக்கா வீட்டை விட்டு வெளியே அதிக நாள் தங்கியது நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்காக, நான்கு நாட்கள். அந்த நான்கு நாட்களில் வீட்டுக்குள் நான் வாய் திறந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. குழாயை மூடிவிட்டு நின்றால் சுவர்க் கடிகாரம் மட்டும் கேட்கும். தொண்ணூற்றிரண்டு நாட்கள்...

சாப்பாட்டுக்காக இல்லை என்று எழுதத்தான் கை போகிறது. சாப்பாட்டுக்காகவும்தான்.

திட்டம் எழுதினேன். பதினேழு பக்கம். கோடு போட்ட தாளில், பிரிவு பிரிவாக. அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. குடிதண்ணீர் கடல்நீரைச் சுத்தம் செய்து வருவது. காய்கறி கப்பலில் வருவது, கத்தரிக்காய் கிடைத்தால் முருங்கைக்காய் கிடைக்காது. தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். வீடுகள் நெருக்கமானவை, முற்றம் கிடையாது. ஓடுபாதை கடலோரமாகவே ஓடுவதால் விமானம் தண்ணீரில் இறங்குவதுபோல் தோன்றும். எல்லாம் உண்மை. நீங்கள் சரிபார்க்கலாம்.

அதைப் பகுதி பகுதியாக அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தரையில் உட்கார்ந்து வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏரோப்பிளேன் எறங்குத எடம் வித்யா வீட்டுக்குப் பக்கமா தம்பி?"

"இல்லக்கா. ஏர்போர்ட் வேற தீவு. ஊரு வேற தீவு."

அவள் கை நின்றது. "நடுவுல?"

"கடல்."

"அப்போ வள்ளத்திலயா போகணும்?"

நான் தாளைப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"ஃபெர்ரி உண்டு. பத்து நிமிஷம்."

ஃபெர்ரி உண்டு. அப்போதும் ஓடியது. கேட்ட கேள்விக்கு நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அலுவலகத்தில் இப்படி ஒரு பதில் எழுதி யாராவது கோப்பை அனுப்பினால், சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

அக்காவுக்கும் படகுக்கும் உள்ளது எனக்குத் தெரியாததல்ல. வித்யா ஏழாம் வகுப்பில் படிக்கும்போது மூவரும் கன்னியாகுமரி போனோம். பாறைக்குப் போகும் படகில் ஏறியதும் அக்காவுக்குக் கைகால் நடுங்கியது. பாதி வழியில் வாந்தி எடுத்து மயங்கினாள். அவள் தலையை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். அன்றைய குறிப்பில் நேரம் உட்பட இருக்கிறது. அதன்பின் அவள் வேளிக் காயலில் மிதிபடகைக்கூடத் தூர நின்றுதான் பார்ப்பாள்.

இரண்டு நாள் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"அலை உண்டுமா தம்பி?"

"காலம்பற கொறவு. மழைக்காலத்தில கூடுதல்."

பேறு ஆனி மாதம். மழைக்காலம். இதுவும் உண்மை.

"நீயே சொல்லு. நான் போகணுமா?"

"உன் இஷ்டம்க்கா. நான் என்ன சொல்ல."

பாலத்தை மறைத்ததைவிட இந்தப் பதில்தான் கொடியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு கதவைச் சாத்திவிட்டு, அதன் முன்னால் அவளை நிறுத்தி, போவதும் போகாததும் உன் விருப்பம் என்று சொன்னவனை நீங்கள் என்னவென்று அழைப்பீர்கள்?

அக்கா அடுத்த நாள் மகளை அழைத்தாள். படகு என்று சொல்ல அவளுக்கு வெட்கம். முட்டுவலி என்றாள், படி ஏற முடியவில்லை, அங்கே வந்து உனக்குத்தான் பாரம் என்றாள். அன்று மாலை வித்யா என்னிடம் கேட்டாள்.

"மாமா, அம்மைக்கு சத்தியமா முட்டுவலியா?"

"வலி உண்டு," என்றேன். உண்டுதான். ஐந்து ஆண்டுகளாக உண்டு.

பிறகு, "பின்னே சாரமில்ல மாமா. நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். பரவாயில்லை என்பதை இந்த ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.

பேற்று மருந்துக்கான சரக்கெல்லாம் சாலைக் கடைத்தெருவில் நான்தான் வாங்கினேன். அக்கா லேகியம் கிளறினாள். வித்யாவின் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் ஊருக்கு வந்து திரும்பும்போது கொடுத்தனுப்பினோம். டப்பா கசியாமல் மூன்று உறை போட்டுக் கட்டினேன். அந்த வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வலி கண்ட அன்று கடல் கொந்தளிப்பில் பிரகாஷின் தீவிலிருந்து படகு புறப்படவில்லை. வித்யாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது கீழ்வீட்டில் குடியிருக்கும் ஷரீஃபா என்ற அந்த ஊர்ப் பெண். அறுவை செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் ஷரீஃபாதான் இருந்தாள். அவள் பேசும் மொழி வித்யாவுக்குப் பாதிதான் புரியும். பெண் குழந்தை. தாரா என்று பெயர்.

பிறகு நாற்பது நாட்கள் எங்கள் வீட்டில் நடந்ததை நான் ஒவ்வொரு காலையும் பார்த்தேன். தேங்காயெண்ணெய்ப் புட்டியில் போனைச் சாய்த்துவைத்து, அக்கா அதன் முன்னால் காலை நீட்டி உட்காருவாள். மாலேயில் வித்யாவும் குழந்தையைக் குளிப்பாட்ட அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

"கால நல்லா சேத்து வை. குப்புறப் போடு. தல தாங்கு, தல தாங்கு... வெள்ளத்தை முதுகில ஊத்து மக்கா, நேரா வேண்டாம்."

அக்காவின் கை காற்றில் குழந்தையைத் தாங்கும். வெறும் கை. ஏழு பத்துக்கு என் பலகாரம் தட்டில் வந்துவிடும். அதில் ஒரு நாளும் தவறவில்லை.

நான் சாப்பிட்டேன்.

தான் போகாததற்குக் காரணம் கேட்டவர்களிடமெல்லாம் அக்கா தன்னையே குறை சொன்னாள். மகளிடம் மட்டும்தான் முட்டுவலி. தெருவில் உண்மையைச் சொன்னாள், அதாவது அவள் உண்மை என்று நம்பியதை. பக்கத்து வீட்டு லீலா சேச்சியிடம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் முன்னறையில் பேப்பர் மடித்துக்கொண்டிருந்தேன்.

"பெத்த பிள்ளைக்கு ஒண்ணுன்னா கடலை நீந்திப் போவாளுக. நான் பத்து நிமிஷ வள்ளத்துக்குப் பேடிச்சவளாக்கும். நானும் ஒரு அம்மை."

பேடி என்றால் இந்த ஊரில் பயம். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அன்றைக்கே. மறுநாள், மறு வாரம்... ஏன் சொல்லவில்லை? முதல் மாதம் சொல்லியிருந்தால் அக்கா கிளம்பிப் போயிருப்பாள் என்ற பயம். அதற்குப் பிறகு, ஏன் முதல் மாதம் சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம். ஆறு மாதத்தில் வித்யாவே குழந்தையோடு விடுமுறைக்கு வந்தாள். எல்லாம் முடிந்துபோன விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்துபோன விஷயங்களைத் தேதியோடு எழுதிவைக்கிறவன் நான். இதை மட்டும் எழுதவில்லை.

இப்போது வித்யாவுக்கு இரண்டாம் பிள்ளை. இந்த முறை அவள் அம்மாவைக் கேட்கவே இல்லை. ஷரீஃபாவின் தங்கை வந்து கூட இருப்பதாக ஏற்பாடு. அக்காவும் ஏன் தன்னைக் கூப்பிடவில்லை என்று கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, வித்யா டாக்சியில் போய்க்கொண்டே வீடியோவில் அழைத்தாள். தாரா போனைப் பிடுங்கி ஜன்னல் பக்கம் திருப்பினாள். இரண்டு பக்கமும் கடல்.

"இது எங்கடி போறீங்க?" என்றாள் அக்கா.

"ஏர்போர்ட் பக்கம் ஒருத்தரைப் பாக்க, அம்மே. பாலத்தில போறோம்."

அழைப்பு முடிந்தது. அக்கா போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாலம் உண்டா? இது எப்போ கட்டுனது தம்பி?"

அதுவரை நான் அவளிடம் வாயால் பொய் சொன்னதில்லை.

"தெரியல்லக்கா. புதுசா இருக்கும்."

"இருக்கும். முன்னமே இருந்தா நீ எழுதாம விட்டிருப்பியா?" என்றாள். குரலில் குத்தல் ஏதும் இல்லை. மகிழ்ச்சிதான் இருந்தது. "அப்போ நான் போகலாம்லா?"

எட்டு நாளில் கிளம்பினாள். ஷரீஃபாவின் தங்கை வேண்டாம் என்று மகளிடம் அவளே சொன்னாள். எனக்குப் பொடி வகைகளை இடித்துப் புட்டிகளில் அடைத்துவைத்தாள். எதை எப்போது தீர்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் சீட்டு எழுதி ஒட்டினேன். விமான நிலைய வாசலில், "தோச மாவு கடையில வாங்காத, கேட்டியா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவு அவசரம்.

அன்று மாலை ஆறு நாற்பதுக்கு அழைப்பு வந்தது. திரையில் அக்கா சோபாவில் இருந்தாள், மடியில் தாரா. போனைப் பிடித்திருந்தது வித்யா.

"மாமா, அம்மைக்கு ஒரே அதிசயம். பாலம் எப்போ வந்துதுன்னு டாக்சியில வச்சு கேட்டுட்டே வந்தா. நான் இங்க வேலைக்கு வரதுக்கு முன்னமே உண்டுன்னேன். மாமாக்கு அப்பவே மேப் அனுப்பினேனேன்னு சொன்னேன்." அவள் சிரித்தாள். "நீங்க சொல்லியிருப்பீங்க, அம்மை மறந்திருப்பா."

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரா அவள் கன்னத்தைத் திருப்பினாள். "ஆச்சி, நான் பிறந்தப்போ நீ ஏன் வரல்ல?"

அக்கா குழந்தையின் சட்டையை முழங்காலுக்கு இழுத்துவிட்டாள்.

"ஆச்சிக்குப் பேடி மக்கா. கடலைக் கண்டா பேடி."

தெரிந்த பிறகும் அப்படிச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்த வேண்டிய ஒரு வாக்கியம், முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம், எதிரே அவள் முகம்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பி, விளக்குப் போட்டாயா, வீட்டுக்குள் இருட்டாக இருக்கிறதே என்று கேட்டாள்.

எழுந்து போய் விளக்கைப் போட்டேன். திரும்பி வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது.