ஆவணியில் அருவி பார்க்கப் போனோம்

லண்டனில் இருக்கும் என் கணவரின் அக்கா எங்கள் லிங்கநகர் வீட்டில் வந்து இறங்கிய மறுநாளே, என் கைபேசியில் இருந்த அருவிப் படத்தைப் பார்த்துவிட்டார்.

“இவ்வளவு கிட்ட இப்பிடி ஒரு இடம் இருக்கோ? எனக்கும் இதில குளிக்கோணும்.”

“ஓம் மச்சாள், நாளைக்கே போவம்,” என்றேன்.

அது தை மாதத்தில் எடுத்த படம். கந்தளாய்ப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன அருவி மாரி மழைக்கு மட்டும்தான் விழும். ஆவணியில் அது வெறும் பாறை. மச்சாள் சின்ன வயதிலேயே வெளிநாடு போனவர். வருவதெல்லாம் அங்கே பள்ளிக்கூட விடுமுறை விடும்போதுதான். இங்கே மழை எப்போது என்பதே அவருக்கு நினைவில்லை.

நான் ஏன் சொல்ல வேண்டும்? சில வருடங்களுக்கு முன் என் தங்கைக்கு லண்டன் சம்பந்தம் ஒன்று சரிவந்தது. குழந்தையில் காய்ச்சலோடு ஒரேயொரு தடவை அவளுக்கு வலிப்பு வந்திருந்தது. அதை வைத்து, “பிள்ளைக்கு வலிப்பு வருத்தம்” என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் போட்டுக்கொடுத்தவர் இந்த மச்சாள்தான். அவர்கள் விலகிவிட்டார்கள். கதை ஊருக்கும் வந்து சேர்ந்தது. பிறகு யாரும் பெண் கேட்டு வரவில்லை.

என் கணவர் வேலைக்குப் போயிருந்தது நல்லதாயிற்று. இருந்திருந்தால் உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பார். தங்கையையும் கூட்டிக்கொண்டு ஒரு வான் வண்டி பிடித்துப் போனோம். இறங்கி நடக்கும்போது அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, இந்த மாசத்தில எங்க தண்ணி?”

“வாயை மூடிக்கொண்டு வா.”

மச்சாள் துவாயும் புதுக் குளியல் உடுப்புமாகக் காட்டுப் பாதையில் ஏறினார். முள் சட்டையைப் பிடித்து இழுத்தது. முகப்பூச்சு வழிந்து கழுத்துக்கு வந்தது. பார்க்கப் பார்க்க என் வயிற்றெரிச்சல் அடங்கியது.

மேலே காய்ந்த பாசியும் சருகும்தான் கிடந்தன. மச்சாள் மூச்சு வாங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். தங்கை பாவம் பார்த்துத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மச்சாள் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். குடித்துவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்தப் பிள்ளைக்கு ஏன் இன்னும் ஒண்டும் சரிவரேல்ல? நீங்க வடிவாத் தேடேல்லப் போல.”

நடிக்கவில்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார். தங்கை தலையைக் குனிந்துகொண்டு வெறும் போத்தலை மூடினாள்.

இந்தப் பாறைதான் அருவி என்ற உண்மையைச் சொல்லி அங்கேயே திரும்பிவிடலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

“அருவி இன்னும் மேல இருக்கு மச்சாள். எழும்புங்கோ,” என்றேன்.