கூலர் வேம்புலி

கள்ளிக்குப்பத்தில் யாருடைய கம்ப்யூட்டர் சூடானாலும், "கூலர் வேம்புலி கைல குட்துடு" என்பார்கள். புதிதாக வருகிறவர்கள், தொழில் சுத்தத்துக்குக் கிடைத்த பட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பட்டமாவது, மண்ணாங்கட்டியாவது! அது திருட்டுப் பட்டம். அதை அவள் தலையில் கட்டியவன் பூபாலன். அந்தப் பட்டத்தைக் கேட்டால் வேம்புலியம்மாளுக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

நெமிலிச்சேரிக்காரி. வயது முப்பத்தெட்டு. தாத்தா காலம்வரை அடுத்தவன் கழனியில் நாற்று நட்ட குடும்பம். அம்மா நாகம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியைக் கூட்டித் துடைத்து மகளை ஐ.டி.ஐ. படிக்கவைத்தாள். படித்த கையோடு பூபாலனின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள் வேம்புலி. ஒன்பது வருடம். கடையைத் திறப்பது அவள், பூட்டுவது அவள், நடுவில் எல்லா வேலையும் அவள். பூபாலன் நாற்காலியைத் தேய்த்தான், அவ்வளவுதான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஜேம்ஸ் என்பவர் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். ராணுவ ஃபேக்டரியில் உலோகம் வெட்டிக் கருவி செய்கிற டூல்ரூம் ஆள். போட்ட கொஞ்ச நேரத்தில் சூடாகி அணைந்துவிடுகிறது என்றார். உள்ளே அவருடைய மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த செம்புக் கூலர் இருந்தது. கூலர் என்றால், ப்ராசஸரின் தலைமேல் உட்கார்ந்து அதன் சூட்டை உறிஞ்சும் உலோகக் கட்டி. அதன்மேல் ஒரு சின்ன ஃபேன் சுற்றும். வேம்புலி சூட்டை அளந்து பார்த்து, "கூலரைக் கழற்றிப் பார்க்கணும்" என்று சீட்டில் எழுதி வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். மறுநாள் வந்தபோது, "நானே முடிச்சிக் குட்துட்டேன்" என்றான் பூபாலன்.

ஒரு வாரத்தில் ஜேம்ஸும் அவர் மனைவி புஷ்பாவும் கடை வாசலில் வந்து நின்றார்கள். செம்பைக் காணோம், அந்த இடத்தில் அலுமினியத் துண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. பூபாலன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "எல்லாம் இவ கைலதான் சார் இருந்துச்சு" என்று கையை நீட்டினான். புஷ்பா அவள் பையைப் பிடுங்கி நடுரோட்டில் கவிழ்த்தாள். சாப்பாட்டு டப்பா, சீப்பு, சீசன் டிக்கெட், மாதவிலக்குக்கு வைத்திருந்த பொட்டலம் எல்லாம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் காலடியில் சிதறின. ஒரு மனுஷன் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. சாயங்காலம் நாகம்மா வந்து, "எம் பொண்ணு மேல பழி போட்டவன் வெளங்கமாட்டான்" என்று இரண்டு கையாலும் மண்ணை வாரிக் கடைமேல் தூற்றிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

எட்டு மாதம் யாரும் வேலை தரவில்லை. "கூலர்" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சரிடா, அந்தக் கூலரிலேயே உங்களை ஜெயிக்கிறேன் என்று வீம்பு பிடித்தாள் அவள். எந்த ப்ராசஸர் எத்தனை டிகிரிவரை தாங்கும், கூலருக்கு அடியில் தடவும் பசையில் எது எத்தனை வருடத்தில் காயும், காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கற்றாள். கள்ளிக்குப்பத்தில் ஒற்றை ஷட்டர் கடை போட்டாள். பேர் மட்டும் போகவில்லை.

போன மாதம் ஒரு முகூர்த்த நாளில், காலை பத்து மணிக்கு, அந்தக் கடை வாசலில் பூபாலன் வந்து நின்றான். இப்போது அவனுக்குக் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலை. ரிப்பேரைத் தலைமுழுகி வருடக்கணக்காகிறது.

"நல்லா கீறியா வேம்புலி? பழசெல்லாம் மனசுல வெச்சுக்காத. நம்ம சிஸ்டம் பதினோரு நிமிஷம் ஓடுது, டப்புனு ஆஃப் ஆயிடுது. நாலு பேரு பாத்துட்டானுங்க. கவுன்சிலர் ஊட்டு ரிசப்ஷன், ஏழு மணிக்குப் படத்த ஓட்டணும். கைய உட்டுடாத."

எப்படி இருக்கிறது பாருங்கள்! மனசில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வேம்புலி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சரிசெய்வதற்கு இல்லை. பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "போர்டு போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் மென்றுகொண்டே போனாள்.

பூபாலன் கடை வாசலில் பழையபடி பூக்காரி மங்களம் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நடந்த கூத்தையெல்லாம் பார்த்தவள். வேம்புலியைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

வேம்புலி கம்ப்யூட்டரைப் போட்டு, சூடு காட்டும் ப்ரோக்ராமைத் திறந்தாள். சும்மா இருக்கும்போதே அறுபத்திரண்டு டிகிரி. வீடியோவை ஓட விட்டதும் எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று ஏறி, நூறைத் தொட்டதும் திரை கறுத்தது. கேபினெட்டின் காற்றுத் துளைகளில் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. சாம்பிராணிக் கரியும் தூசியும் ஃபேனில் கம்பளியாகப் படிந்திருந்தன. எல்லாவற்றையும் சுரண்டி, ஊதி, துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். அப்போதும் தொண்ணூற்றெட்டு.

கோபம் ஒரு பக்கம், தொழில் ஒரு பக்கம். ஏன் இறங்கவில்லை என்று தெரியாமல் பொய் சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை. போர்டையே வெளியே எடுத்து, பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, கூலரை நெம்பினாள். நாலு பேரும் இந்த வேலைக்குச் சோம்பி மேலேயே ஃபேன் ஃபேனாக மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கூலர் கையில் வந்தது. நல்ல கனம். செம்பு.

அடியில் பழைய பசை சிமெண்டாகக் காய்ந்திருந்தது. மாட்டியவன் அதைத் துடைக்காமல் மேலேயே வேறு பசையைத் தடவியிருந்தான். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். எழுத்துகள் தெரிந்தன.

ஜே. புஷ்பா.

பாத்திரக் கடையில் சருவத்துக்கும் தூக்குவாளிக்கும் பேர் வெட்டுவார்களே, அதே வெட்டு. குவார்ட்டர்ஸில் ஒரு விசேஷம் வந்தால் பத்து வீட்டுப் பாத்திரம் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் ஜேம்ஸ் கரண்டிவரை பெண்டாட்டி பேரை வெட்டி வைக்கிற ஆள். மச்சான் கொடுத்த கூலரில் வழவழப்பான இடம் இது ஒன்றுதான், இதிலும் வெட்டிவிட்டார். வெட்டின ஓரத்தில் செம்பு பிசிறாக எழும்பி நின்றது. தட்டு ப்ராசஸர்மேல் எப்படி முழுசாக உட்காரும்? முடியளவு இடைவெளி இருந்தால் போதும், சூடு இறங்காது.

வேம்புலி ஓரக்கண்ணால் பூபாலனைப் பார்த்தாள். கூலரைத் துணியில் மூடிக்கொண்டாள்.

"சார், கூலரு நல்ல கனமா கீதே. எங்க வாங்குனீங்க?" என்றாள், மங்களத்துக்குக் கேட்கிற மாதிரி.

"ரிச்சி ஸ்ட்ரீட்ல. நானே போய்த் தேடிப் புட்ச்சது."

"செகண்ட் ஹேண்டா?"

"சீ! புதுப் பொட்டியப் பிரிச்சி எங் கையால மாட்டுனேன். அத இதுவரைக்கும் ஒருத்தனையும் கழட்ட உட்டதில்ல."

"மங்களக்கா, கேட்டுக்கினியா?"

"கேட்டுக்கினேன். இன்னாத்துக்குடி?"

வேம்புலி போனை எடுத்தாள். ஆறு வருடமாக அதில் பத்திரமாக வைத்திருந்த நம்பரைக் கூப்பிட்டாள். "ஜேம்ஸ் சார், ஒங்க செம்பு கெட்ச்சிருக்கு. அக்காவையும் கூட்டிகினு வாங்க" என்றாள். பூபாலனின் முகம் வெளுத்துப்போனது.

அரை மணி நேரத்தில் இருவரும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். வேம்புலி துணியை விலக்கினாள். புஷ்பா தன் பேரைத் தானே வாசித்தாள்.

"இவதான்... இவ வேலைல இருந்தப்போ மாட்டியிருப்பா" என்று ஆரம்பித்தான் பூபாலன்.

"அட நாதாரி!" என்று எழுந்தே விட்டாள் மங்களம். "ஒருத்தனையும் கழட்ட உட்டதில்ல, எங் கையால மாட்டுனேன்னு இப்பதானேடா ஒன் வாயால சொன்ன!"

ஜேம்ஸ் அவன் சட்டையைப் பிடித்தார். புஷ்பா வேம்புலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மன்னிச்சிரும்மா, புத்தியில்லாம பண்ணிட்டேன்" என்று அழுதாள். வேம்புலி கையை உருவிக்கொண்டாள்.

"அழாதீங்கக்கா. அன்னிக்கு எம் பைய ரோட்ல கொட்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்த என்னக் கேட்டிருந்தா போதும். சார், நீங்க பேரு வெட்னதாலதான் அது சூடாச்சு. அதயும் அன்னிக்கே சொல்லியிருப்பேன்."

ஜேம்ஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். கூலரை எடுத்துப் புஷ்பாவின் கையில் கொடுத்தாள் வேம்புலி. கூலர் இல்லாத கம்ப்யூட்டர் மேஜைமேல் பிரிந்து கிடந்தது.

பூபாலனுக்கு அப்போதுதான் ஏழு மணி ஞாபகம் வந்தது. "வேம்புலி, வேற ஒண்ணு மாட்டிக் குடும்மா. இன்னா கேட்டாலும் தரேன்."

"வெளிய வந்து நில்லு. சொல்லு."

"இன்னா சொல்றது?"

"எடுத்தது யாருன்னு."

வந்து நின்றான். முணுமுணுத்தான். "கேக்கல" என்றாள். கொஞ்சம் உரக்கச் சொன்னான். "பஸ் ஸ்டாப்புக்குக் கேக்கல." மூன்றாவது தடவை, "நான்தான் திருடுனேன், அவ எடுக்கல" என்று கத்தினான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தன் போனைத் தூக்கிப் படம் பிடித்தான். வேம்புலி நிதானமாகத் திருப்புளிகளைப் பைக்குள் அடுக்கினாள்.

"கூலரு?" என்றான் பூபாலன்.

"ஒனக்குத்தான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வழி தெரியுமே. போய்த் தேடிப் புடி."

மங்களம் சிரித்த சிரிப்பு ரோட்டின் அந்தப் பக்கம்வரை கேட்டது. நன்றாக வேண்டும் அவனுக்கு. படம் ஓடாத ரிசப்ஷனில் கவுன்சிலர் வீட்டார் அவனிடம் வைத்துக்கொண்ட கச்சேரியையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் இனிக்கும்.

ஸ்டேஷன்வரை வேம்புலிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிளாட்ஃபாரத்தில் உட்காரக்கூட இல்லை, அம்மாவுக்குப் போன் போட்டாள். பேர் வெட்டியிருந்தது, பூபாலன் புளுகியது, நடுரோட்டில் நின்று கத்தியது என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

"யம்மா, கேக்குதா? நீ தூத்துன மண்ணு அவன் தலைலயே வுழுந்துச்சும்மா!"

"கேக்குது" என்றாள் நாகம்மா. "அப்போ... நெஜமாவே நீ எடுக்கலியாடி?"

வேம்புலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நம்ம கஷ்டத்துக்கு எடுத்திருப்பன்னு நெனச்சேன். எடுத்திருந்தாலும் எம் பொண்ணுதானேன்னு மண்ண வாரிப் போட்டேன். பொய்யா சபிச்சதுக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அம்மன் கைல மன்னிப்புக் கேட்டுகினு கீறேன். ஒன்னக் கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்டி."

திருவள்ளூர் ரயில் வந்து நின்றது. கூட்டம் அவளை இடித்துக்கொண்டு ஏறியது. ஆறு வருடத்தில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதே இல்லை.

"எடுக்கலம்மா" என்றாள் வேம்புலி.