பதிவேட்டின் மறுபக்கம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குன்னூர்ப் பக்கம் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஜூலை மாதம் நடந்தது இது. அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. அரவேணுவில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க். மகள் வேலைக்குப் போனதும், நெடுநாள் ஆசையில், கீழே சமவெளியில் இருக்கும் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்தேன். சனிக்கிழமை மட்டும் வகுப்பு. காலையில் ஜெபம் நடக்கும்போது நெற்றியில் விபூதியோடு நானும் எழுந்து நிற்பேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அவரவர் ஊரில் கிடைக்கும் பழைய ஆவணம் ஒன்றைப் படித்துக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து எஸ்டேட்டை ஒட்டிய சர்ச்சில் வெள்ளைக்காரர் காலத்து அடக்கப் பதிவேடு இருந்தது. யாரை எப்போது அடக்கம் செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிய பெரிய நோட்டு. பாதிரியார் அனுமதி கொடுத்தார். துரைமார்களுக்கு முழுப் பெயர், பதவி, சொந்த ஊர் எல்லாம் இருந்தன. தொழிலாளிகளுக்கு, 'எஸ்டேட் பெண், காய்ச்சல்' என்பதோடு சரி. எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே, 'பெயரில்லாமல் புதைக்கப்பட்டவர்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் பேராசிரியை கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

"நல்லா எழுதியிருக்கீங்க. அந்த நோட்டைக் கடைசி வரைக்கும் பாத்தீங்களா?"

"எழுத்து முடியற எடம் வரைக்கும் பாத்தேனுங்க மேடம். அதுக்கப்பறம் வெறும் தாளுங்க."

"புரட்டிப் பாத்தீங்களா, இல்ல வெறும் தாளுன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

ஏழெட்டுத் தாள் காலியாக இருந்ததும் மூடி வைத்தவள் நான். திரும்பிவரும்போது பஸ்ஸில் அதே யோசனை. திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு சர்ச்சுக்குப் போனேன்.

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து திறந்தேன். பென்சிலில் பொடிப்பொடியாகத் தமிழ். பாதிரியாருக்கு உதவியாக இருந்த அந்தக் காலத்து உபதேசியார் யாரோ எழுதியிருக்க வேண்டும். முன்பக்கத்தில் 'எஸ்டேட் பெண்' என்று இருந்த அதே தேதிகளில் இங்கே பெயர், தகப்பன் பெயர், எந்த வரிசையில் எத்தனையாவது குழி என்பதுவரை இருந்தது. விரலை வைத்து வாய்விட்டுப் படித்தேன்.

"மரியாள், பெருமாள் மகள், கொழுந்து எடுப்பவள், மேற்குச் சுவரிலிருந்து இரண்டாம் வரிசை, ஐந்தாவது."

பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த சர்ச் பராமரிப்பாளர் அண்ணன் துணியோடு அப்படியே நின்றார்.

"ஏனுங்க, அதை இன்னொருக்கா படிங்க."

படித்தேன்.

"பேரும் அப்பன் பேரும் சரியா இருக்குதுங்க. எங்க ஊட்டுல மொதல்ல மலையேறி வந்தது அவங்கதானுங்க. ரெண்டு வயசுப் புள்ளைய விட்டுட்டு செத்துப்போனாங்க. அந்தப் புள்ளையோட வம்சந்தான் நாங்க. குழி எங்கன்னு தெரியாததால, கல்லறைத் திருநாளுக்கு கேட் பக்கத்துலயே மெழுகுவர்த்தி வெச்சுட்டு வந்துருவோமுங்க."

இருவரும் குடையோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முழங்கால் உயரம் புல். சுவரிலிருந்து எண்ணினோம். முதல் முறை கணக்குத் தப்பிப்போய் மறுபடி எண்ணினோம். ஐந்தாவது இடத்தில் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை, லேசான மேடு மட்டும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கைலியை மடித்துக்கட்டி, கையாலேயே புல்லைப் பிடுங்க ஆரம்பித்தார். நானும் குடையை வைத்துவிட்டுக் குனிந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். "தப்பா எழுதிட்டேனுங்க மேடம்" என்றபோது அவர் சிரிக்கவில்லை. வகுப்பின் முன்னால் வந்து நடந்ததைச் சொல்லச் சொன்னார். என் மகள் வயதுப் பிள்ளைகள் முன்னால் என் அவசரத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தபோது பிள்ளைகள் அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அந்த மனிதர்களுக்காகக் கோபப்பட்ட நானே அவர்களைத் தேடாமல் விட்டேன் என்பது இன்றும் உறுத்துகிறது. அந்த உறுத்தல் இருக்கும்வரைதான் நான் ஒழுங்காகப் படிப்பேன் என்று தோன்றுகிறது.