பசு கடித்த பலகை

என் மேசையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பலகைத் துண்டு கிடக்கிறது. மூன்று பக்கம் நேராக இருக்கும். நாலாவது பக்கத்தை ஒரு பசு கடித்திருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பசுதான். வீட்டைக் கூட்ட வருகிறவர்கள் இதைக் குப்பையில் போடப் பார்த்து என்னிடம் வசவு வாங்கியிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் உள்ளே மரத்தூள் தெரியும், பருத்திமார்ச் சிலும்பு, அதாவது காய்ந்த பருத்திச்செடித் தண்டின் நார், தெரியும், நிலக்கடலைத் தோடு தெரியும். இதைச் செய்த மேஸ்திரி அண்ணாச்சியைப் பற்றி எழுதவேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் என் தப்பையும் சேர்த்து எழுதவேண்டும், அதுதான் காரணம்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு வாடகைக் கட்டடத்தில் நடந்த பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். ஊரில் பெண் டீச்சர் என்றால் தெருவே திரும்பிப் பார்க்கிற காலம். எட்டாம் வகுப்பில் எனக்குப் பதினான்கு பெண் பிள்ளைகள். ஒரே நீளக் கூடம். ஒரு பாதியில் நாங்கள், மறு பாதியில் பையன்கள், நடுவே ஒரு ஓலைத்தட்டி. தட்டியில் ஓலையை விட ஓட்டைதான் அதிகம். "தட்டிக்கு அந்தப்பக்கம் பயலுவ உக்காந்து பார்த்துக்கிட்டு இருந்தா, வயசுக்கு வந்த பிள்ளையை எப்படி டீச்சர் அனுப்ப?" என்று தாய்மார் கேட்பார்கள். போன தடவை வந்த இன்ஸ்பெக்டரும் எழுதிவிட்டுப் போய்விட்டார்: அடுத்த முறை வரும்போது உறுதியான தடுப்பு இல்லையென்றால் பெண்கள் வகுப்பை மூடவேண்டியதுதான் என்று. மூடினால் பதினான்கு பேரும் வீட்டுக்குப் போய் அடுப்பு ஊதவேண்டியதுதான். செங்கல் சுவர் எழுப்பக் கட்டடத்துக்காரர் சம்மதிக்கவில்லை. மரப்பலகை விலையோ கிட்ட நெருங்க முடியாத விலை.

பலகை விலை கேட்கத்தான் எதிர்ச்சாரியிலிருந்த மர அறுப்பு மில்லுக்குப் போனேன். அங்கே மேஸ்திரியாக இருந்தவர்தான் அண்ணாச்சி. ஐம்பது வயதிருக்கும். புருவத்தில் எந்நேரமும் மரத்தூள் படிந்திருக்கும். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் கதையைக் கேட்டுவிட்டு, விலையைச் சொல்லாமல் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் கிழித்த தாள். அதில் ஒருவர் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். "டீச்சர், இந்தப் படத்துல மரத்தூள் மாதிரி இருக்கு. ஆனா பலகையா நிக்குது. என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

மில்லில் வேலை செய்தவர்கள் எல்லாரும் ரம்பத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெண்பிள்ளை இங்கிலீஷ் வாசிப்பதைப் பார்க்க அவ்வளவு ஆசை! எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். விரலை வைத்து வரிவரியாகப் படித்து அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தேன். மரத்தூள், செடித் தண்டு, கொட்டையின் தோடு, எது கிடைத்தாலும் நறுக்கி, ஏதாவது ஒரு தாவரப் பசையில் பிசைந்து, பெரும் பாரத்தில் அமுக்கிக் காயவைத்தால் பலகை. கடைசிக்கு முந்தின வரியில் நான் பார்த்தே அறியாத ஒரு நீளச் சொல் கிடந்தது. அகராதி தலைமை ஆசிரியர் அறையில் இருந்தது. அத்தனை பேர் முன்னால் "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்ல நாக்கு எழவில்லை. அந்த வரியைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விட்டேன்.

அண்ணாச்சிக்கு அன்றைக்கே கை துறுதுறுத்துவிட்டது. மரத்தூளுக்கு மில்லில் பஞ்சமில்லை. பருத்திமார் பக்கத்து ஊரான திருவேங்கடத்தின் கரிசல்காட்டிலிருந்து வண்டியில் வந்தது. கடலைத் தோட்டை எண்ணெய் ஆலையில் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். பசைக்குப் புளியங்கொட்டையை வறுத்துத் தோலை நீக்கி மாவாக்கிக் காய்ச்சினார். பாரத்துக்கு எங்கே போவது? பருத்தி ஆலையில் பஞ்சைப் பொதியாக அமுக்குகிற திருகு பிரஸ் ஒன்று, பருத்தி வரத்து இல்லாத மாதங்களில் சும்மா கிடந்தது. ஆலைக்காரரைப் பிடித்துக் கெஞ்சிக் கூத்தாடி அதை இரவலாக வாங்கினார். முதல் பலகை தூக்கினதும் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்தது பணியாரம் மாதிரி உப்பிக்கொண்டது. ஐந்தாவது நின்றது. "டீச்சர், தட்டிப் பாருங்க! தட்டிப் பாருங்க!" என்று அவர் குதித்த குதி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கூடத்துக்கு வேண்டிய ஏழு பெரிய பலகைகளும் முடிந்து, பள்ளிக்கூட முற்றத்தில் வெயிலில் சாய்த்து வைத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் வர ஒரு வாரம் இருந்தது. மத்தியானம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே பியூன் குரல் கேட்டது: "தாயே, போதும் தாயே! பிள்ளைகள் படிக்க வச்சிருக்கு தாயே!" ஓடிப்போய்ப் பார்த்தால் கோமதியம்மைக்கு நேர்ந்துவிட்ட வெள்ளைப் பசு நின்று சாவகாசமாகப் பலகையைத் தின்றுகொண்டிருக்கிறது. கம்பு பக்கத்திலேயே கிடக்கிறது, எடுப்பாரில்லை. கோயில் மாட்டை அந்த ஊரில் யார் அடிப்பார்கள்? பியூன் கைகூப்பி நிற்கிறார். தெருவில் போனவர்கள் பசுவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். புளியங்கொட்டை, பருத்தி, கடலை என்று மாட்டுக்குத் தீனி வைக்கிற சாமான்களாகவே பார்த்துப் பிசைந்திருக்கிறோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பசு வயிறு நிறைந்து போகும்போது ஏழில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

நான் நேரே தலைமை ஆசிரியர் அறைக்கு ஓடி அகராதியைப் புரட்டினேன். அன்றையிலிருந்து எழுத்து மாறாமல் மனசில் கிடந்த அந்தச் சொல் கிடைத்தது. ஆடுமாடு வாய் வைக்காதபடி கசப்பு ஏதாவது சேர்க்கவேண்டும், அவ்வளவுதான் அந்த வரி. திரும்பி வந்தபோது அண்ணாச்சி மிச்சப் பலகைகளுக்கு நடுவே நின்றார். "ஏன்வே மேஸ்திரி, எங்க எருமைக்கும் ரெண்டு பலகை அனுப்பும்வே!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. "என் தப்புதான்வே, யோசிக்கலை" என்று அவரும் சிரித்தார். நான் பக்கத்தில் போய், "அண்ணாச்சி, கசப்பா எதையாவது சேர்த்தா மாடு தொடாதோ?" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "வேப்பம்புண்ணாக்கு! பார்த்தீங்களாவே, டீச்சரம்மா யோசனை!" என்றார். எனக்கு நின்ற இடத்திலேயே பூமி விழுங்கிவிடாதா என்றிருந்தது.

அந்த ஒரு வாரம் அவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். உள்ளங்கையெல்லாம் கொப்புளம். ஏழு பலகைகளும் மறுபடி எழுந்தன. இன்ஸ்பெக்டர் வந்து தடுப்பைத் தட்டினார், தோளால் முட்டினார், மூக்கைச் சுளித்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் அதே பசு. உள்ளே தலையை நீட்டிப் பலகையை முகர்ந்தது, ஒரு தும்மல் போட்டது, திரும்பிப் போய்விட்டது. "என்னத்தைய்யா கலந்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். "வேப்பம்புண்ணாக்கு சார். டீச்சரம்மா சொன்ன யோசனை" என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் கூசாமல். வகுப்பு நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர். பதினான்கு பிள்ளைகளும் பெஞ்சைத் தட்டிய சத்தத்தில் பையன்கள் பக்கம் பாடமே நின்றுவிட்டது.

ஏழெட்டு வருஷம் அந்தத் தடுப்பு நின்றது. பள்ளிக்குச் சொந்தக் கட்டடம் வந்தபோது அதைக் கழற்ற அண்ணாச்சியே வந்தார். வருஷம் தவறாமல் பெண் பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு நல்ல பெயர். அவருக்கு மட்டும் 'மாட்டுப்பலகை மேஸ்திரி' என்ற பட்டம் போகவே இல்லை. தடுப்பைக் கழற்ற அவர் வந்த அன்றைக்கு என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணாச்சி, அந்தக் காகிதத்துல ஒரு வரியை நான் படிக்காம விட்டுட்டேன்" என்றேன்.

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "தெரியும் டீச்சர். ஒவ்வொரு வரிக்கும் விரலை வச்சு வாசிச்சீங்க. ஒரு வரியில மட்டும் விரல் நிக்காமத் தாண்டிட்டு. எனக்கு இங்கிலீசுதான் தெரியாது, வரி எண்ணத் தெரியாதா? ஒரு வரிதானேன்னு விட்டேன். அது மாட்டு வாயில போய் முடிஞ்சிட்டு."

"அப்பவே கேட்டிருக்கலாமே! ஊரே உங்களைக் கேலி பண்ணுச்சே!"

"என்னைய என்ன, சிரிச்சிட்டுப் போவான். அங்கன அத்தனை பேர் நின்னானுவ. டீச்சருக்கே தெரியலைன்னு ஒருத்தன் வெளியே போய்ச் சொன்னா, பொம்பளப் பிள்ளை படிச்சு என்னத்தைக் கிழிச்சிதுன்னு பதினாலு பேரையும் வீட்டுல இருத்திருவானுவ. பிறகு யாருக்கு டீச்சர் நான் பலகை செய்ய?"

நான் பிள்ளைகள் பார்க்க அழுதேன். அவர்தான் பதறிப்போய், மடியைத் தடவி இந்தத் துண்டை எடுத்து, "இந்தாங்க, வச்சுக்கிடுங்க. முதல் ஏழுல மிச்சம் இதுதான்" என்று கையில் கொடுத்தார். இத்தனை வருஷமாக அதை அவர் வைத்திருந்தார் என்பதே எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போதும் படிக்கும்போது நான் விரலை வைத்துத்தான் படிக்கிறேன். தெரியாத சொல் வந்தால் விரல் தாண்டத்தான் பார்க்கிறது, எண்பது வயதிலும் அந்தப் புத்தி போகவில்லை. அப்போது மேசையில் இந்தத் துண்டு கண்ணில் படும். எழுந்து போய் அகராதியை எடுத்து வருவேன்.